பாதியில் நின்ற புறக்கோட்டையை மீண்டும் கட்டுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: 2020 ஊரடங்குக் காலத்தில் கொழும்பு நண்பர்கள் பத்துப் பேரளவில் சேர்ந்து, பிளாக்குகளை அடுக்கிக் கட்டும் மைன்கிராப்ட் விளையாட்டில் கொழும்பின் கோட்டை, புறக்கோட்டைப் பகுதிகளை உண்மை அளவிலேயே கட்டத் தொடங்கினார்கள். 2022இல் வேலை நின்றது, எல்லோரும் இணைந்து கட்டிய சேர்வர் கணினியும் போய்விட்டது. அந்த உலகத்தின் கோப்புறை இப்போது ஒருவருடைய பழைய வன்தட்டில் கிடைத்திருக்கிறது. மிஞ்சியிருப்பவர்கள் மூன்று பேர். தாமரைக் கோபுரம் தண்டோடு நிற்கிறது. தரை அங்கங்கே மேடும் பள்ளமுமாக இருக்கிறது. குறுக்குத் தெருக்களில் அடுத்தடுத்த கடைகளின் உயரம் பொருந்தவில்லை. எதை யார் கட்டினார் என்பதும் தெரியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, விட்ட இடத்திலிருந்து தொடர்வதா என்று அந்த மூவரில் ஒருவர் படங்களோடு கேட்கிறார்.

தொடருங்கள், தம்பி, அழிக்க வேண்டாம். பத்துப் பேர் இரண்டு ஆண்டுகளில் கட்டியதை மூன்று பேர் முதலிலிருந்து தொடங்கினால் இன்னொரு முறை பாதியில் நிற்கும். ஆனால் நாளைக்கே உள்ளே போய் ஒரு பிளாக்கையும் வைத்துவிடாதீர்கள். இப்படிக் கைவிடப்பட்ட கூட்டுக் கட்டுமானங்களில் சுவர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கட்டியவர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருந்த ஏற்பாடுகள்தான் தொலைந்திருக்கும். ஒரு மாடிக்கு எத்தனை பிளாக், தரை எந்த மட்டம், எந்தக் கட்டடத்துக்கு எந்தச் சிவப்பு, எந்த ஆண்டின் கொழும்பு என்பதெல்லாம் யாரோ இருவர் இரவில் பேசி முடித்த விஷயங்கள். எங்கேயும் எழுதியிருக்க மாட்டார்கள். அவற்றைக் கட்டடங்களைப் பார்த்தே கண்டுபிடித்து எழுதி வைப்பது உங்கள் முதல் வேலை. கட்டட அளவு எடுப்பது என் தொழில் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோப்புறையை இரண்டு மூன்று இடங்களில் பிரதி எடுங்கள். மூலத்தை இனி யாரும் விளையாட்டில் திறக்கக்கூடாது. பழைய உலகத்தைப் புதிய பதிப்பில் திறந்து உலாவினால், நீங்கள் போன இடமெல்லாம் புதிய வடிவத்துக்கு மாற்றி எழுதப்படும். அதன்பிறகு பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. ஆர்வத்தில் யாராவது ஏற்கனவே திறந்து பார்த்துவிட்டாரா என்று முதலில் விசாரியுங்கள்.

அடுத்து, அது எந்த வகை உலகம் என்று பாருங்கள். உள்ளே ரீஜன் என்ற ஒரு கோப்புறை மட்டும் இருந்தால் சாதாரண உலகம். ரீஜன்2டி, ரீஜன்3டி என்று இரண்டு இருந்தால் கியூபிக் சங்ஸ் என்ற மொட், அதாவது விளையாட்டையே மாற்றும் துணைநிரல், வைத்துக் கட்டியிருக்கிறார்கள். 2020 மார்ச்சில் பிப்பன்எஃப்டிஎஸ் என்ற யூடியூபர், பூமி முழுவதையும் ஒரு மீற்றருக்கு ஒரு பிளாக் என்ற அளவில் கட்டுவோம் என்று அழைத்தார் அல்லவா, அந்த பில்ட் த எர்த் முயற்சி தொடங்கியது இந்த மொட்டோடும் 1.12.2 பதிப்போடும்தான். உயர எல்லை இல்லாமல் செய்வது அதன் சிறப்பு. வீட்டுக்குள் அடைபட்டிருந்த அந்த மாதங்களில் அதைப் பார்த்து ஊர் ஊராகப் பையன்கள் தொடங்கினார்கள். உங்களுடையது அந்த வகை என்றால் 1.12.2இலேயே இருந்து வேலை செய்வது நல்லது. சாதாரண உலகம் என்றே நான் ஊகிக்கிறேன். அதற்குக் காரணம் தாமரைக் கோபுரம்.

கோபுரத்தின் உச்சிக்குப் பறந்து போய் எஃப்3 விசையை அழுத்துங்கள். திரையில் உயர எண்ணைப் பாருங்கள். 255 அல்லது 256 என்று காட்டினால், நண்பர் சலித்துப்போய் விட்டுவிட்டார் என்று இத்தனை காலம் நீங்கள் நினைத்தது தவறு. அவர் கூரையில் முட்டியிருக்கிறார். 1.12 முதல் 1.17 வரையான பதிப்புகளில் உலகத்தின் மொத்த உயரமே 256 பிளாக். தரையை வழக்கம்போல் 64ஆவது மட்டத்தில் வைத்தால் மேலே கிடைப்பது 192. கோட்டையின் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் 152 மீற்றர், அவை அடங்கிவிடும். தாமரைக் கோபுரம் ஏறத்தாழ 350 மீற்றர். தண்டு முடிந்து மொட்டு விரியத் தொடங்குவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிட்டது.

2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பு இந்த எல்லையை விரித்தது. கீழே மைனஸ் 64 முதல் மேலே 319 வரை, மொத்தம் 384 பிளாக். 384இல் 350 அடங்கும் என்று உடனே மகிழ வேண்டாம். தரை 64இல் இருந்தால் மேலே 256தான் மிச்சம். ஊர் முழுவதையும் கீழே இறக்கி, தரையை மைனஸ் 50 அளவில் வைத்தால் கோபுரம் நிமிர்ந்து நிற்கும். இல்லையென்றால் டேட்டாபக் என்ற, உலகத்தின் விதிகளை மாற்றும் சிறு கோப்பு ஒன்றை எழுதி மேல் எல்லையை உயர்த்தலாம். 2031ஆவது மட்டம் வரை விளையாட்டு அனுமதிக்கிறது. எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். ஊரை இறக்குவதில் எல்லைக் கோடுகளில் வெட்டு விழும் ஆபத்து இருக்கிறது. டேட்டாபக்கில் ஊர் அசையாது. ஆனால் அந்தச் சிறு கோப்பு எப்போதும் உலகத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் பிரதி எடுத்து வேறு இடத்தில் திறந்தால் கோபுரத்தின் தலை போய்விடும்.

உலகம் 1.12இல் கட்டப்பட்டிருந்தால், புதிய பதிப்புக்குப் போகும்போது இன்னொரு வாசற்படி உண்டு. 2018 ஜூலையில் வந்த 1.13இல், பிளாக்குகளை எண்ணால் குறிக்கும் முறை போய்ப் பெயரால் குறிக்கும் முறை வந்தது. விளையாட்டின் சொந்த பிளாக்குகள் பத்திரமாக மறுபக்கம் வந்துசேரும். மொட் சேர்த்த தளபாடங்கள், கம்பி வேலி, தெருவிளக்கு என்று எதுவும் வராது. அந்த இடங்கள் வெற்றிடமாகிவிடும். ஆகவே மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே இடங்களில் நின்று படம் பிடித்து ஒப்பிடுங்கள். பரப்பு பெரிதில்லை. ஒரு ரீஜன் கோப்பு 512க்கு 512 மீற்றரை அடக்கும். கோட்டையும் புறக்கோட்டையும் சேர்ந்து ஒரு டசினுக்கு முன்பின்னாகத்தான் வரும். ஒரு சனிக்கிழமையில் முடிகிற வேலை.

இனி உயரம் பொருந்தாத கடைகள். உங்கள் கேள்வியில் நான் அதிக நேரம் யோசித்த இடம் இது.

ஒரு பிளாக் ஒரு மீற்றர். விளையாட்டில் வரும் ஆள் 1.8 மீற்றர் உயரம். உண்மையான கட்டடத்தில் தரையிலிருந்து அடுத்த தரைக்கு 3 மீற்றர் என்று வையுங்கள். ஒரு பிளாக் தளத்துக்குப் போனால் அறையின் உயரம் 2 பிளாக்; உள்ளே நடந்தால் தலை தட்டுவதுபோல் மூச்சு முட்டும். ஆகவே உள்ளறைகளில் ஆசை உள்ளவர்கள் மாடிக்கு 4 பிளாக் வைப்பார்கள். வெளிமுகப்பு மட்டும் போதும் என்பவர்கள் 3 வைப்பார்கள். இருவரும் அடுத்தடுத்த கடைகளைக் கட்டினால், நேரில் ஒரே கோட்டில் ஓடும் மூன்று மாடிக் கட்டடங்கள் இரண்டின் கூரை விளையாட்டில் 3 மீற்றர் விலகி நிற்கும். இருவரும் கவனமாகத்தான் கட்டியிருக்கிறார்கள். ஆளுக்கொரு விதியை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் முகப்பின் அகலம், மாடிகளின் எண்ணிக்கை, வாசற்படி மட்டம், கூரை மட்டம். பத்துப் பதினைந்து கட்டடங்களை எழுதினாலே இரண்டு மூன்று கைகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். 4 வைப்பவர் எப்போதும் 4 வைப்பார். ஜன்னலுக்கு ஒரே வகைக் கண்ணாடி, ஓட்டுக்கு ஒரே வகைப் படி என்று அவருடைய பழக்கங்களும் கூடவே வரும். யார் கட்டினார் என்ற கேள்விக்கும் இதில் பாதி விடை கிடைத்துவிடும்.

பிறகு விதியை நீங்கள் வகுக்க வேண்டும். என் பரிந்துரை: வெளி உயரம் நேரில் உள்ளதிலிருந்து மாறக்கூடாது, உள் மாடிகள் எப்படி வேண்டுமானாலும் பிரியலாம். நேரில் 11 மீற்றர் உயரமுள்ள மூன்று மாடிக் கடையானால் 4, 4, 3 என்று பிரியுங்கள். தெருவில் நிற்பவர் மாடிகளை எண்ணுவதில்லை. கூரைக்கோடு ஓடும் ஓட்டத்தைத்தான் பார்ப்பார். ஏற்கனவே கட்டியதில் உயரம் மிகுந்திருந்தால் இடிக்கத் தேவையில்லை. ஜன்னலுக்கு மேலே வெறும் சுவராக ஓடும் ஒரு வரிசையை எடுத்துவிட்டு, அதற்கு மேலுள்ள பகுதியை, பல பிளாக்குகளை ஒரே கட்டளையில் மாற்றும் வேர்ல்ட்எடிட் கருவியால் ஒரு படி கீழே நகர்த்துங்கள். முகப்பில் செய்த வேலைப்பாடு அப்படியே இருக்கும்.

இதே காரணத்தால் தெருக்களின் திசையையும் பாருங்கள். புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்கள் நேர் வடக்குத் தெற்காக ஓடுவதில்லை. சதுரக் கட்டத்துக்குள் சாய்ந்த தெருவைக் கட்டினால் ஒவ்வொரு சுவரும் படிப்படியாக உடைந்து வரும். சிலர் அதைத் தவிர்க்க ஊர் முழுவதையும் திருப்பி, தெருவைக் கட்டத்தோடு ஒட்டவைத்துவிடுவார்கள். புறக்கோட்டைக்கு வசதியாக அப்படித் திருப்பியிருந்தால், கோட்டைப் பக்கத்துத் தெருக்களுக்கு அந்தத் திருப்பம் ஒத்துவராது. உங்கள் உலகத்தில் என்ன செய்திருக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் செய்மதிப் படத்தைப் பார்த்துப் புதுத் தெரு போட்டால், நான்காவது கடையிலேயே பிசகும்.

தரை மேடுபள்ளத்துக்கு நண்பர்களைக் குறை சொல்லாதீர்கள். உயரத் தரவை இணையத்திலிருந்து எடுத்து வேர்ல்ட்பெயின்டர் போன்ற கருவியில் கொடுத்துத் தரையை உருவாக்கியிருப்பார்கள். இலவசமாகக் கிடைக்கும் அந்தத் தரவு பெரும்பாலும் 2000 பெப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் ஒன்று ராடாரால் அளந்தது. ஏறத்தாழ 30 மீற்றருக்கு ஒரு புள்ளி. ராடார் தட்டித் திரும்பும் இடம் மண் தரையாக இருக்க வேண்டியதில்லை. நெருக்கமான கடைத்தொகுதியில் அது கூரையாகவும் இருக்கும். அதனால்தான் சமதரையான பிரதான வீதியில் நீங்கள் மலையேறுகிறீர்கள். புறக்கோட்டையில் வீதிகளைச் சமப்படுத்துங்கள். ஆனால் புதுக்கடை, வுல்பெண்டால் பக்கம் போகப்போக வரும் ஏற்றம் நிஜம். அங்கே சமன்படுத்தும் தூரிகையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அதே தரவில் துறைமுக நகரம் இருக்கும் இடம் வெறும் கடல். அளந்த காலத்தில் அது கடல்தான்.

இதிலிருந்து எந்த நாளின் கொழும்பு என்ற கேள்விக்கு வருகிறோம். மூன்று பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய ஒரே விஷயம் இது என்பேன். மற்றதெல்லாம் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம். நகரம் நிற்பதில்லை. நண்பர்கள் தொடங்கியபோது மெனிங் சந்தை புறக்கோட்டையில் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் பேலியகொடைக்குப் போய்விட்டது. தாமரைக் கோபுரம் 2019 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்டது; மக்கள் உள்ளே போனது 2022 செப்டம்பரில். துறைமுக நகரத்துக்குக் கடலை நிரப்பும் வேலை 2019 ஜனவரியில் முடிந்தது. இன்று உள்ளதையே கட்டுவோம் என்று தொடங்கினால், கட்டி முடித்த தெரு ஒன்றை ஆண்டுக்கு ஒரு தடவை திருத்திக்கொண்டிருப்பீர்கள். முன்பு கட்டியதில் பாதி தவறென்றும் ஆகிவிடும்.

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை ஊரடங்கு தொடங்குவதற்கு முந்திய வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. நண்பர்களின் நினைவில் இருந்த நகரம் அது. அவர்கள் கட்டியது பெரும்பாலும் அதனோடு ஒத்துப்போகும். மெனிங் சந்தையின் கொட்டகைகள் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம். கோபுரமும் நிற்கலாம். இன்னொரு இலாபம் துறைமுக நகரத்தில். 269 ஹெக்டேயர் என்றால் தரைப்படலம் ஒன்றுக்கே 26 இலட்சத்து 90 ஆயிரம் பிளாக். இன்றைய நிலையைக் கட்டப்போனால் அது தனியொரு திட்டம். 2020 தொடக்கத்தில் அது பெரும்பாலும் மணல்வெளி. வேர்ல்ட்எடிட்டில் எல்லையைக் குறித்து மணலை நிரப்பினால் ஒரு மாலையில் முடிந்தது.

எந்த நாள் என்று முடிவு செய்ததும், ஆதாரப் படங்களையும் அந்த நாளை ஒட்டியே தேடுங்கள். கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் ஒவ்வொரு படத்துக்கும் பிடித்த மாதமும் ஆண்டும் இருக்கும். பழைய படங்கள் உள்ள இடங்களில் பின்னோக்கியும் போகலாம். கூகுள் எர்த் கணினிப் பதிப்பில் செய்மதிப் படங்களை ஆண்டுவாரியாகப் புரட்டலாம். கட்டடத்தின் அடித்தள வடிவுக்கு ஓபன்ஸ்ட்ரீட்மெப் போதும். அதைப் பயன்படுத்தினால் பங்களித்தவர்களின் பெயரில் நன்றி குறிப்பிட வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

படம் போதாத இடங்களுக்கு நேரில் போங்கள். போயா தினத்திலோ ஞாயிறு காலையிலோ போவது நல்லது. வேலை நாளில் இரண்டாம் குறுக்குத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளர்களின் கைவண்டி உங்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். கடைகள் பூட்டிய நாளில் பெயர்ப்பலகைகளுக்கு மேலே ஒளிந்திருக்கும் பழைய மாடி முகப்புகளை நிதானமாகப் பார்க்கலாம். நாடா பிடித்து அளக்கத் தேவையில்லை. உங்களில் ஒருவரைக் கடைக் கதவின் அருகே நிற்கவைத்துத் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து படம் பிடியுங்கள். அவருடைய உயரம் தெரியும். கதவு, மாடி, கூரை எல்லாவற்றையும் அதிலிருந்து கணக்கிடலாம். அண்ணாந்து எடுத்த படத்தில் மேல்மாடி குறுகித் தெரியும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். முகப்பின் அகலத்தைக் காலடி எண்ணி நடந்தே எடுத்துவிடலாம். கடைக்காரர் யாராவது இருந்தால் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். எதற்கு என்று சொன்னால் சிரித்துவிட்டு அவரே இன்னும் இரண்டு பழைய கதை சொல்வார். கோட்டையில் இந்தச் சுதந்திரம் கிடையாது. ஜனாதிபதி மாளிகையை ஒட்டிய வீதிகளிலும் துறைமுக வாசல்களிலும் கைத்தொலைபேசியை நீட்ட வேண்டாம். 1857இல் எழுந்த பழைய வெளிச்சவீட்டு மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு இணையத்திலேயே போதிய படங்கள் இருக்கின்றன. அதன் உயரம் 29 மீற்றர் என்பதும் தெரிந்ததே.

நிறங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. யோர்க் வீதியின் கார்கில்ஸ் கட்டடம் 1906ஆம் ஆண்டுச் சிவப்பு. சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் 1908இல் தொடங்கி 1909இல் முடிந்த சிவப்பு. இரண்டும் ஒரே சிவப்பில்லை. முன்பு கட்டியவர்கள் எதற்கு எதை எடுத்தார்கள் என்று பார்த்து அட்டவணையில் எழுதுங்கள். இன்னும் முடிவாகவில்லை என்றால் கார்கில்ஸுக்குச் செங்கல் பிளாக்கும் பள்ளிவாசலுக்குச் சிவப்புக் கொங்கிரீட்டும் பொருந்தும். பள்ளிவாசலின் கோடுகளை உண்மை அளவில் வைக்க முடியாது என்பதையும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பட்டைகள் ஒரு மீற்றரைவிட மிக ஒடுங்கியவை. கொங்கிரீட்டில் அரைப் பிளாக் கிடையாது. வேறு பொருளில் அரைப் பிளாக் எடுத்தாலும், ஒரே இடத்தின் கீழ்ப்பாதியில் ஒரு நிறமும் மேற்பாதியில் இன்னொரு நிறமும் வைக்க விளையாட்டு விடாது. ஆகவே பட்டைக்கு ஒரு பிளாக் என்று கொண்டு, பட்டைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, மொத்த உயரத்தைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். தெருமுனையில் நின்று பார்த்தால் கண் ஏற்றுக்கொள்ளும். நாளைக்குக் கொச்சிக்கடைப் பக்கம் நீட்டி பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கட்டப்போனால், கருங்கல்லுக்கு விளையாட்டிலுள்ள கிரனைட்டை எடுக்காதீர்கள். அது செம்மண் நிறத்தில் வரும். அண்டசைட்டும் டீப்ஸ்லேட்டும் கலந்தால் அந்தச் சாம்பல் கறுப்பு கிடைக்கும்.

இனி யார் கட்டினார் என்பது. சேர்வரில் கோர்புரொடெக்ட் என்ற பிளகின், அதாவது சேர்வருக்கான துணைநிரல், இருந்ததா என்று தேடுங்கள். இருந்திருந்தால் அதன் தரவுத்தளக் கோப்பில் ஒவ்வொரு பிளாக்கையும் யார், எப்போது வைத்தார் அல்லது உடைத்தார் என்ற பதிவு இருக்கும். ஆனால் அந்தக் கோப்பு உலகக் கோப்புறைக்குள் இருக்காது. பிளகின்களின் கோப்புறையில் இருக்கும். உலகத்தை மட்டும் இறக்கி வைத்திருந்தால் அது போனது போனதுதான். வன்தட்டை முழுவதும் தேடிப் பாருங்கள். உலகக் கோப்புறைக்குள் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு நீண்ட அடையாள எண்ணில் கோப்பு இருக்கும்; பெயரை மாற்றியிருந்தாலும் அந்த எண் மாறாது. யார் யார் உள்ளே வந்தார்கள் என்பதாவது அதிலிருந்து தெரியும்.

ஆட்களைத் தேடுவது கோப்பைத் தேடுவதைவிட எளிது. ரொறொன்ரோ, மெல்பேர்ன், டோஹா என்று அவர்கள் சிதறியிருந்தாலும் யாராவது ஒருவரிடம் பழைய தொலைபேசி இலக்கம் இருக்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் போட வேண்டாம். அவரவர் கட்டிய தெருவின் படத்தை எடுத்து அனுப்பி, இதைத் தொடர்ந்தால் உங்களுக்குச் சம்மதமா, திருத்தினால் சம்மதமா, பெயரை எப்படிப் போடுவது என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பலர் உடனே ஆமென்பார்கள். ஒருவர் தன் கட்டடத்தைத் தொடக்கூடாது என்றால் தொடாதீர்கள். உயரம் பிசகி நின்றாலும் நிற்கட்டும். பதில் வராதவர்களுக்கு ஒரு மாதம் பொறுங்கள். பிறகு தொடருங்கள், மூலப் பிரதி பத்திரமாக இருப்பதால் யாருடைய வேலையும் அழிந்துபோகாது. ஒவ்வொரு தொகுதியின் வாசலிலும் பலகை வைத்து முதலில் கட்டியவர் பெயரையும் திருத்தியவர் பெயரையும் எழுதுங்கள். பணம் செலவில்லாத மரியாதை இது. திரும்பி வந்து எட்டிப்பார்ப்பவரை மீண்டும் கட்டவைப்பதும் பெரும்பாலும் இதுதான்.

வேலையை எங்கே தொடங்குவது? கோபுரத்தில் கட்டாயம் இல்லை, தம்பி. எல்லோருக்கும் ஆசை அதில்தான் என்று தெரியும். அது கடைசிக்கு. இரண்டாம் குறுக்குத் தெருவைப் பிரதான வீதிச் சந்தியிலிருந்து பள்ளிவாசல் வரை எடுத்து, இரண்டு பக்கமும் வாசற்படி முதல் மின்கம்பி வரை முடியுங்கள். வேறு எங்கும் ஒரு பிளாக்கும் வைக்கக்கூடாது என்று கட்டுப்பாடு போடுங்கள். ஒரு தெரு முழுமையாக முடிந்தால்தான் நீங்கள் எழுதிய விதிகள் சரிதானா என்று தெரியும். புதிதாக வருபவருக்கு இதைப் பார், இப்படிக் கட்டு என்று காட்டவும் ஒன்று இருக்கும். பத்துத் தெருக்களில் பத்து மூலைகளைத் தொடங்கியதுதான் 2020இல் நடந்தது என்று உங்கள் படங்களே சொல்கின்றன.

சேர்வருக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. சாதாரண உலகமானால் பேப்பர் என்ற சேர்வர் மென்பொருள், நான்கு ஜிபி நினைவகம், மூன்று நான்கு கட்டுநர்களுக்குப் போதும். வீட்டிலேயே வைக்க நினைத்தால் உங்கள் இணைய இணைப்புக்குச் சொந்தப் பொது முகவரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிம் அட்டை போட்ட ரவுட்டர்களுக்கு அநேகமாக இருக்காது, வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. வாடகைக்கு எடுத்தால் சிங்கப்பூரிலோ மும்பையிலோ எடுங்கள். ரொறொன்ரோவில் இருப்பவருக்குச் சற்றுத் தாமதமாகும். சண்டை போடும் ஆட்டமில்லையே, கட்டுவதற்கு அது பொருட்டில்லை. கைத்தொலைபேசியில் விளையாடும் தம்பி தங்கைகளையும் சேர்க்க விரும்பினால் கெய்சர் என்ற பிளகின் வழிவிடும்.

உள்ளே விடுபவர்களைப் பெயர்ப்பட்டியல் வைத்தே விடுங்கள். 2014இல் டென்மார்க் அரசின் நிலத்தரவு முகவரகம் நாடு முழுவதையும் உண்மை அளவில் மைன்கிராப்டில் வெளியிட்டு எல்லோருக்கும் திறந்துவிட்டது. வெடிகளைத் தடைசெய்துதான் வைத்திருந்தார்கள். வெடி ஏற்றிய தண்டவாள வண்டியைத் தடைசெய்ய மறந்துவிட்டார்கள். சில வாரங்களில் யாரோ அதைக் கொண்டே கட்டடங்களைத் தகர்த்து, அமெரிக்கக் கொடியும் நட்டுவிட்டுப் போனார்கள். ஒரு அரசாங்கத்துக்கே அந்த நிலை. புதியவர் யாராக இருந்தாலும் முதல் சில வாரம் ஒரே ஒரு கடைக்குள் மட்டும் கட்ட அனுமதி கொடுங்கள். யாருக்கு என்ன அனுமதி என்று வகுக்கும் லக்பேர்ம்ஸ் போன்ற பிளகினோடு, இடத்தைக் காக்கும் வேர்ல்ட்கார்ட்டும் இருந்தால் இது சுலபம். இந்த முறை கோர்புரொடெக்ட் முதல் நாளிலிருந்தே ஓடட்டும்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 2022இல் உங்கள் சேர்வர் ஏன் போனது என்று என்னால் ஊகிக்க முடிகிறது. வாடகை டொலரில், செலுத்தியது ஒருவருடைய வங்கி அட்டையில். அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. சில நாட்களில் பத்து மணி நேரமும் அதற்கு மேலும் மின்வெட்டு. யாரும் உள்ளே வரவும் இல்லை. அந்த அட்டைக்காரர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தியிருப்பார். அவர்மேல் கோபம் வேண்டாம். இந்த முறை வாடகையை மூவரும் பகிருங்கள். கணக்கின் கடவுச்சொல் இருவரிடம் இருக்கட்டும். வாரம் ஒரு முறை உலகக் கோப்புறையும் பிளகின் கோப்புறையும் சேர்த்துத் தானாகவே வேறொரு இடத்துக்குப் பிரதியாகும்படி செய்யுங்கள். அந்தப் பிரதி வெளிநாட்டில் இருக்கும் பழைய நண்பர் ஒருவருடைய கணக்குக்குப் போவது நல்லது. கொழும்பில் மின்சாரம் போகும் நாளில் அவருடைய வீட்டில் இருக்கும். பழைய ஆட்களில் ஒருவரிடம் அதைக் கேட்பதற்கு, நீங்கள் எழுதப்போகும் அந்த முதல் கடிதமே நல்ல சந்தர்ப்பம்.